மான்செஸ்டர் ஆல்பர்ட் ஹால்: மெதடிஸ்ட் சேப்பல் கச்சேரி மண்டபமான கதை, கேள்வியும் பதிலுமாக

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் தெருவில் இருக்கும் ஆல்பர்ட் ஹாலுக்குக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் பாதி நேரம் மேடையைப் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்க்கிறார்கள். வெளியே வந்ததும் கேள்விகள் ஆரம்பமாகும். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

லண்டனில் இருக்கும் ராயல் ஆல்பர்ட் ஹால்தானே இது?

இல்லை. அது 1871-ல் திறந்த வட்ட மண்டபம், அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. நாம் பேசுவது மான்செஸ்டரில் 1908-ல் தொடங்கி 1910-ல் முடிந்த, மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் மண்டபம். குழப்பம் போதாதென்று நாட்டிங்ஹாம் நகரிலும் ஓர் ஆல்பர்ட் ஹால் இருக்கிறது. அதுவும் மெதடிஸ்ட்காரர்கள் கட்டியது, அதுவும் இன்று கச்சேரி மண்டபம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சேப்பல் என்றால் சர்ச்தானே? ஏன் தனிப்பெயர்?

நம் பேச்சில் எல்லாமே சர்ச்தான். இங்கிலாந்தில் அப்படியில்லை. அரசோடு இணைந்த ஆங்கிலிக்கன் சபையின் கோயிலுக்குத்தான் சர்ச் என்ற பெயர். அந்தச் சபையில் சேராத பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் போன்றவர்கள் கூடிய இடம் சேப்பல். ஒருவர் ‘சர்ச்’சா ‘சேப்பல்’லா என்று கேட்டால், பக்தியோடு அவருடைய வர்க்கத்தையும் சேர்த்து விசாரிப்பதாக அர்த்தம். ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, சின்னக் கடைக்காரர், இவர்களில் பெரும்பகுதி சேப்பல் பக்கம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சாகும்வரை ஆங்கிலிக்கன் பாதிரியாராகவே இருந்தார். அதனால் தம் கூட்டங்கள் நடந்த கட்டடங்களுக்கு ‘பிரசங்க வீடு’ என்றுதான் பெயர் வைத்தார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

மெதடிஸ்ட் கட்டடம் மற்ற சர்ச்சிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பழைய ஆங்கிலிக்கன் கோயிலையோ கத்தோலிக்கக் கோயிலையோ நினைத்துப்பாருங்கள். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கல் தூண்கள், தூரத்தில் பலிபீடம். கண் போகிற இடம் பீடம். பின்வரிசையில் இருப்பவருக்கு வார்த்தைகள் சரியாகக் கேட்காவிட்டாலும் வழிபாடு குறைபடாது, ஏனென்றால் அங்கே முக்கியமானது நடக்கும் சடங்கு.

வெஸ்லியின் கூட்டத்தில் முக்கியமானது பிரசங்கம். அது கடைசி ஆள்வரை கேட்க வேண்டும், பிரசங்கியின் முகமும் தெரிய வேண்டும். பிரச்சினை இப்படி இருந்தால் தீர்வும் தானாக வந்துவிடும். கூடத்தின் நீளத்தைக் குறை, அகலத்தைக் கூட்டு, மூன்று பக்கமும் மாடி போட்டு ஆட்களை மேலே ஏற்று, பிரசங்கபீடத்தை நடுவில் வை. பின்னாளில் இரும்பு வார்ப்புத் தூண்கள் வந்தபோது சேப்பல் கட்டியவர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம். மெல்லிய தூண் பார்வையை மறைக்காது.

வெஸ்லிக்கு எண்கோண வடிவத்தில் ஒரு பித்தே இருந்தது. 1757-ல் நாரிச் நகரில் பிரஸ்பிட்டேரியன் என்ற வேறொரு சபையினர் கட்டியிருந்த எண்கோண சேப்பலைப் பார்த்து மயங்கிப்போய் நாட்குறிப்பில் புகழ்ந்து எழுதினார். அப்புறம் தம் ஆட்களுக்குக் கொடுத்த விதிகளிலேயே, இடம் இருந்தால் எண்கோணமாகக் கட்டுங்கள் என்று சேர்த்துவிட்டார். யார்க்‌ஷயர் மலைக்கிராமமான ஹெப்டன்ஸ்டாலில் 1764-ல் கட்டியது இன்றும் நிற்கிறது, இன்றும் வழிபாடு நடக்கிறது. அதன் கூரையை ராதர்ஹாமில் செய்து, பகுதி பகுதியாகச் சுமந்து மலைமேல் கொண்டுபோனார்களாம்.

அதே விதிகளில் இன்னும் சில உண்டு: பெஞ்சுக்கு முதுகுச் சாய்வு கூடாது, பணக்காரருக்குத் தனி அடைப்பு இருக்கை கூடாது, ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்கார வேண்டும். கடைசி விதி நம் ஊர் கிராமத்து ஆலயங்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. முதல் விதியின் நோக்கம் தூக்கத்தைத் தடுப்பதாக இருக்கலாம். இது என் ஊகம், வெஸ்லி அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் ஆல்பர்ட் ஹால் சேப்பல் மாதிரியே இல்லையே? தியேட்டர் மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். தியேட்டர் மாதிரி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே கட்டினார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்லியன் மெதடிஸ்ட்களுக்கு, அதாவது பல பிரிவான மெதடிஸ்ட்களில் வெஸ்லி பெயரைத் தாங்கிய பிரிவுக்கு, ஒரு சங்கடம். சபை வசதியானவர்கள் கைக்குப் போய்விட்டது. வசதியானவர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள், நகர நடுவில் இருந்த பழைய சேப்பல்கள் காலியாகின. அங்கேயே தங்கிவிட்ட ஏழைத் தொழிலாளிக்கு சேப்பல் வாசலை மிதிக்கவே கூச்சம். நல்ல சட்டை வேண்டும். உட்கார இடம் வேண்டுமானால் பல சேப்பல்களில் பெஞ்சுக்கு வாடகைகூட உண்டு. அவர் கூச்சமில்லாமல் போன இடம் மதுக்கடையும், பாட்டும் கூத்தும் நடக்கும் மியூசிக் ஹாலும்தான்.

சரி, அவர் போகும் இடம் மாதிரியே நாமும் ஒன்று கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் ‘சென்ட்ரல் ஹால்’கள். கூம்புக் கோபுரம் வேண்டாம், கூர்வளைவு வாசல் வேண்டாம். தெருவோடு ஒட்டிய முகப்பு, கீழே வாடகைக்குக் கடைகளோ அலுவலக அறைகளோ, மேலே பெரிய மண்டபம். பிரசங்கபீடத்துக்குப் பதிலாக அகலமான மேடை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், சனிக்கிழமை இரவு கச்சேரி. சனிக்கிழமை சம்பளப் பணத்தோடு மதுக்கடைக்குப் போகிறவரை வழிமறிக்க அதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்கிறது?

மான்செஸ்டரில் முதல் சென்ட்ரல் ஹால் 1886-ல் ஓல்டம் தெருவில் திறந்தது. அங்கே பொறுப்பேற்ற போதகர் சாமுவேல் காலியர் அந்த மிஷனை, அதாவது நகர மக்களிடையே வேலை செய்த சபை அமைப்பை, நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்றாக வளர்த்தார். ஆல்பர்ட் ஹால் அதே மிஷனின் கட்டடம். இந்த வரிசையில் ரொம்பப் பேர் அறிந்தது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹால். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முதன்முதலாகக் கூடியது அங்கேதான், 1946 ஜனவரி 10 அன்று. ஒரு வழிபாட்டு மண்டபத்தை அப்படியே உலக மாநாட்டுக்குக் கொடுக்க முடிந்தது என்றால் அதன் அமைப்பு எப்படிப்பட்டது என்று புரியும்.

எனவே, சேப்பலைக் கலைக்கூடமாக மாற்றினார்கள் என்று சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். கலைக்கூடம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. பிரசங்கம் நின்றது, அவ்வளவுதான்.

கட்டியது யார்?

பிராட்ஃபோர்டைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வில்லியம் ஜேம்ஸ் மார்லி வரைந்தார். ஸ்வின்டனைச் சேர்ந்த ஜே. ஜெரார்டு அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் கட்டிக்கொடுத்தார்கள்.

தெருவில் நின்று பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நிறம். முகப்பு முழுக்க மஞ்சள் கலந்த சுடுமண் பாளங்கள். கல் மாதிரி தோன்றும், கல் இல்லை. அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட களிமண். அந்தக் காலத்து மான்செஸ்டர் ஆலைப் புகையில் மூழ்கிய ஊர், மணற்கல் சில வருஷங்களிலேயே கறுத்துவிடும். சுடுமண் அவ்வளவு சீக்கிரம் கறையை உள்வாங்காது, கழுவினால் போகும். இன்னொரு லாபம், அச்சு ஒன்று செய்துவிட்டால் அதே பூவேலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். சிற்பிக்குக் கூலி கொடுக்காமல் சிற்பம் கிடைக்கும். மெதடிஸ்ட் சிக்கனத்துக்கும் ஆடம்பர ஆசைக்கும் நடந்த சமரசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பாணி. கொஞ்சம் பரோக் (வளைவும் அலங்காரமும் மிகுந்த பாணி), கொஞ்சம் கோதிக் (கூர்வளைவுகள் கொண்ட பழைய கோயில் பாணி). தூய பாணி தேடுகிறவர்களுக்கு இந்த முகப்பு பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் நிற்பது மாதிரி ஒரு தயக்கமில்லாத குஷி அதில் இருக்கிறது. அந்தத் தெருவில் போட்டியும் கடுமை. பக்கத்திலேயே 1845-ல் கட்டிய தியேட்டர் ராயல், 1856-ல் திறந்த ஃப்ரீ டிரேட் ஹால். அந்த வரிசையில் அடக்கமாக நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

உள்ளே நுழைந்ததும் படி ஏறச் சொல்கிறார்களே, மண்டபம் ஏன் மாடியில்?

மேலே சொன்ன சென்ட்ரல் ஹால் கணக்குதான். நகர நடுவில் மனை விலை அதிகம். தரைத்தளத்தை வேறு வேலைக்கு விட்டு, மண்டபத்தை மேலே தூக்கினார்கள். தெருச் சத்தமும் குறையும்.

படி ஏறி உள்ளே போனால் குதிரை லாட வடிவத்தில் மாடி இருக்கைகள் உங்களைச் சுற்றிவரும். அவை மேடையை நோக்கி இரண்டு கை நீட்டியதுபோல இருக்கும். மேடைக்குப் பின்னால் ஆர்கன் என்ற பெரிய காற்றிசைக் கருவியின் குழாய்கள் வரிசையாக நிற்கும். பக்கச் சுவர்களில் பெரிய வண்ணக்கண்ணாடி ஜன்னல்கள், கூரையிலும் வண்ணக்கண்ணாடி. சுவரும் கூரையும் பூங்கொத்துச் சுதை வேலைகளால் நிறைந்திருக்கும். கண்ணாடியில் புனிதர்களின் உருவங்களைத் தேடாதீர்கள். மெதடிஸ்ட்கள் பொதுவாக அந்த வழியில் போகவில்லை. பூவும் இலையும் கோலமும்தான், அதனாலேயே இன்று கிதார் வாசிப்பவர் பின்னால் அது கொஞ்சமும் உறுத்துவதில்லை.

பழைய சினிமாக் கொட்டகையின் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மாடியின் சரிவு சட்டென்று பழகிவிடும். முன்வரிசையில் இருப்பவர் தலை பின்வரிசையை மறைக்காது. எல்லாம் பிரசங்கியின் முகத்துக்காக.

ஒலி எப்படி இருக்கும்?

பேச்சுக்கும் பாட்டுக்கும் தேவைகள் வேறு வேறு. ஒரு சத்தம் எழுந்து அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. பெரிய கல் கோயில்களில் அது பல வினாடிகள் நீடிக்கும். சேர்ந்திசைக்கு அது அமுதம், பேச்சுக்கு நஞ்சு. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறி, எல்லாம் கூழாகிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு வினாடி அளவில் அடங்கினால் நல்லது.

சேப்பல் கட்டியவர்களிடம் இதற்கெல்லாம் கருவி கிடையாது. ஆனால் கூடத்தைச் சுருக்கி, மரத்தரை போட்டு, மரப்பட்டிமேல் சுண்ணாம்பு பூசி, மாடி முழுக்க ஆட்களை நிரப்பியபோது அந்த ஒரு வினாடிக்குப் பக்கத்தில் தானாக வந்து சேர்ந்தார்கள். மனித உடம்பும் துணியும் ஒலியை நன்றாக விழுங்கும்.

இன்றைய இசைக்கு இதில் ஒரு எதிர்பாராத நன்மை இருக்கிறது. ஒலிபெருக்கி வைத்த கச்சேரியில் பெரிய தலைவலி பாஸ் கிதாரும் டிரம்ஸின் அடியோசையும். கல் சுவர் அந்தத் தாழ்ந்த ஓசையை விழுங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். மெல்லிய மரப்பலகையும் பட்டிப்பூச்சும் அந்த ஓசைக்குத் தாங்களும் சேர்ந்து லேசாக அதிர்ந்து அதன் பலத்தைக் குறைத்துவிடும். கதீட்ரலில் ராக் கச்சேரி பெரும்பாலும் இரைச்சலாகிவிடுவதும், சேப்பலில் அது பிழைத்துக்கொள்வதும் இதனால்தான். கூட்டம் குறைந்த நாளில் ஆல்பர்ட் ஹாலும் கொஞ்சம் முழங்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

வழிபாடு நடந்த காலத்தில் பெரிய இசை நிகழ்ச்சி ஏதாவது நடந்ததா?

நடந்தது. 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அதே தெருவில் இருந்த ஃப்ரீ டிரேட் ஹால் எரிந்து, வெளிச்சுவர் மட்டும் மிஞ்சியது. அங்கே வாசித்துவந்த ஹாலே (Hallé) என்ற மான்செஸ்டர் இசைக்குழுவுக்கு மேடை இல்லை. ஆல்பர்ட் ஹால் தப்பியிருந்தது. மிஷனுக்கு வேலை இல்லாத நாட்களில் ஹாலே குழு இங்கே வந்து வாசித்தது. பெரும் கூட்டத்துக்கு, நகரின் பெல் வியூ பகுதியில் சர்க்கஸ் நடக்கும் கிங்ஸ் ஹாலுக்குப் போனார்கள். ஃப்ரீ டிரேட் ஹால் 1951-ல் மறுபடி திறக்கும்வரை பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

பின்கதை இன்னும் வேடிக்கை. 1996-ல் ஹாலே குழு பிரிட்ஜ்வாட்டர் ஹால் என்ற புதுக் கச்சேரி மண்டபத்துக்கு மாறியது. கச்சேரிக்கென்றே பெயர்பெற்ற ஃப்ரீ டிரேட் ஹால் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு 2004-ல் ஓட்டல் ஆகிவிட்டது. பிரசங்கத்துக்குக் கட்டிய ஆல்பர்ட் ஹால் கச்சேரி மண்டபம் ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான்.

வழிபாடு ஏன் நின்றது?

ஆள் இல்லை. நகர நடுவில் குடியிருப்பு அழிந்து அலுவலகங்கள் வந்தன. இரண்டு போருக்குப் பிறகு சேப்பலுக்குப் போகும் பழக்கமே தேய்ந்தது. சினிமாவும் வானொலியும் டிவியும் சனிக்கிழமை இரவைப் பிடித்துக்கொண்டன. நாடு முழுக்க இன்னொரு காரணமும் உண்டு. வெஸ்லியன், ப்ரிமிட்டிவ், யுனைட்டெட் என்று பிரிந்திருந்த மெதடிஸ்ட்கள் 1932-ல் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே தெருவில், மூன்று சேப்பல்கள் மிஞ்சின. ஒன்று போதும், மற்றவை சுமை. இன்று பிரிட்டனில் கம்பளக் கடையாகவும் வீடாகவும் மல்யுத்தக் கூடமாகவும் இருக்கும் பழைய சேப்பல்களில் பாதிக்கு இந்த இணைப்பிலிருந்துதான் கதை தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆல்பர்ட் ஹாலின் மேல்மண்டபம் 1969-ல் பூட்டப்பட்டது.

நாற்பது வருஷத்துக்கு மேல் பூட்டியே கிடந்ததா?

மேலே, ஆமாம். கீழே இல்லை. 1999 முதல் 2011 வரை தரைத்தளத்தில் பிரானிகன்ஸ் என்ற நைட்கிளப் ஓடியது. மதுவிலக்கைத் தூக்கிப்பிடித்த மிஷனின் கட்டடத்தில்! ஆயிரக்கணக்கானவர்கள் கீழே குடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள், தலைக்குமேல் ஒரு முழு மண்டபம் தூசியோடு இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பூட்டியது ஒருவகையில் நல்லதாயிற்று. திறந்திருந்தால் 1970-களில் யாராவது தாழ்வான போலிக் கூரை அடித்து, ஜன்னலை மறைத்து, சுதை வேலைமேல் ஆணி அறைந்திருப்பார்கள். கவனிப்பாரில்லாமல் கிடந்ததால் அதெல்லாம் நடக்கவில்லை.

எப்போது திறந்தது?

2013-ல். டிராஃப் என்ற மான்செஸ்டர் நிறுவனம் வாங்கிப் பழுதுபார்த்தது, வேலை 2012-லிருந்து 2014 வரை நீண்டது. வேலை முழுக்க முடியுமுன்பே, 2013 ஜூலையில் மான்செஸ்டர் சர்வதேச விழாவுக்காக நடிகை மேக்சின் பீக் இங்கே ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘அராஜகத்தின் முகமூடி’ என்ற நெடுங்கவிதையை நிகழ்த்தினார்.

ஏன் அந்தக் கவிதை? மண்டபம் நிற்கும் பகுதி ஒரு காலத்தில் புனித பீட்டர் மைதானம். 1819 ஆகஸ்ட் 16 அன்று அங்கே வாக்குரிமை கேட்டு சுமார் 60,000 பேர் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு புகுந்தது. 18 பேர் இறந்ததாகக் கணக்கு, காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில். வாட்டர்லூ போரைக் கிண்டலாகச் சுட்டி ‘பீட்டர்லூ’ என்று பெயர் வந்தது. இத்தாலியில் இருந்த ஷெல்லி செய்தி கேட்டு எழுதிய கவிதை அது, அவர் இறந்தபின் 1832-ல்தான் அச்சாயிற்று. சம்பவம் நடந்த மண்ணிலேயே, ஒற்றைக் குரல் கடைசி ஆள்வரை கேட்பதற்காகக் கட்டிய மண்டபத்தில் அதைச் சொன்னார்கள். திறப்புக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எதையும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறதே, பணம் தீர்ந்துவிட்டதா?

எல்லோரும் கேட்பார்கள். வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

பழைய கட்டடத்தைச் சீர்செய்ய இரண்டு வழி. ஒன்று, 1910-ல் எப்படி இருந்திருக்குமோ அப்படிப் பளபளவென்று ஆக்குவது. இன்னொன்று, கூரை ஒழுகலை நிறுத்து, ஆபத்தான பூச்சைக் கட்டு, மின்சாரத்தையும் வாசல்களையும் சரிசெய், மற்றதைத் தொடாதே. இங்கே இரண்டாவது வழி. மங்கிய நிறங்களும் திட்டுத்திட்டான சுவரும் அந்தப் பூட்டிய வருஷங்களைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கச்சேரி விளக்குகள் சுவரில் படும்போது புதுப் பெயிண்டைவிட இது பல மடங்கு அழகு.

இப்போது இது ஒரு ஃபேஷனாகவும் ஆகிவிட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. புதுக் காபிக்கடைச் சுவரைச் சுரண்டிப் பழசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை, இங்கே உரிந்தது தானாக உரிந்தது.

சேப்பலைக் கச்சேரிக்கு மாற்றும்போது எது ரொம்பக் கஷ்டம்?

நாலைந்து தொல்லைகள் எல்லா இடத்திலும் வரும்.

பாரம்தான் முதல் கவலை. பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரும், தாளத்துக்கு ஒரே நேரத்தில் குதிக்கும் ஆயிரம் பேரும் பொறியாளர் கணக்கில் ஒன்றல்ல. குதிப்பின் வேகம் தளத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் அதிர்வு பெருகிக்கொண்டே போகும். மண்டபம் மாடியில் இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

அப்புறம் வெளியேறும் வழி. ஞாயிறு காலை நிதானமாகக் கலையும் சபைக்குப் போதுமான படிக்கட்டு, இரவு பதினோரு மணிக்குத் தீ அலாரம் அடித்தால் போதாது. புதுப் படிக்கட்டுக்கு இடம் தேட வேண்டும், சுதை வேலையை இடிக்காமல்.

சத்தம் வெளியே போவது அடுத்த சண்டை. பழைய வண்ணக்கண்ணாடி மெலிசு, ஈயப்பட்டியில் கோத்தது. அதன் வழியே ஒலி தாராளமாகத் தெருவுக்குப் போகும். உள்பக்கம் இரண்டாவது கண்ணாடி அடுக்கு போடலாம், ஆனால் பார்வைக்கும் ஒளிக்கும் கெடுதல் வராமல் போட வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு மணி நேர வழிபாட்டுக்குக் கட்டியதில் எத்தனை கழிப்பறை இருக்கும்? நாலு மணி நேரம், கையில் பீரோடு நிற்கும் சுமார் 2,000 பேருக்கு எத்தனை வேண்டும்? பழைய சேப்பல்களைக் கலைக்கூடமாக்கும் திட்டங்களில் பணத்தில் ஒரு நல்ல பங்கு இங்கேதான் போகும். லிஃப்டும் சக்கர நாற்காலி வழியும் அதற்கடுத்து.

பெஞ்சுகளை எடுத்துவிடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் ஆல்பர்ட் ஹால் ‘கிரேடு II’ பிரிவில் இருக்கிறது. அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளே செய்தாலும், உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். வழிபாடு நடக்கும்வரை மெதடிஸ்ட் சபைக்கு இதில் விலக்கு உண்டு, தன் கட்டடங்களுக்குச் சபையே தனி முறையில் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். வழிபாடு நின்ற கணத்தில் விலக்கும் போய்விடும்.

பெஞ்சு விஷயத்தில் பெரும்பாலும் ஒரு பேரம் நடக்கும். தரையில் இருப்பதை எடுத்துக்கொள், மாடியில் இருப்பதை விட்டுவிடு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. தரை காலியானால் நின்று கேட்கலாம், நாற்காலி போடலாம், நடனத்துக்கு விடலாம். மாடிதான் கட்டடத்தின் உருவம், அதில் கைவைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

பிரசங்கம் நடந்த இடத்தில் பீர் விற்கிறார்கள். தப்பில்லையா?

கட்டியவர்களைக் கேட்டால் கண்டிப்பாகத் தப்பு என்றிருப்பார்கள். திருவிருந்துக்கே போதையில்லாத திராட்சைச் சாறு பயன்படுத்திய கூட்டம் அது. பழைய மெதடிஸ்ட் சேப்பல் விற்பனைப் பத்திரங்கள் பலவற்றில் இங்கே மதுவும் சூதாட்டமும் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், அதை நீக்காமல் கலைக்கூடம் நடத்தத் திணறியவர்கள் உண்டு. ஆல்பர்ட் ஹாலின் தரைத்தளத்திலோ 2015 முதல் பவேரிய பாணியில் ஒரு பீர்க்கூடமே நடக்கிறது.

ஒரு தகவல்: வெஸ்லி முழு மதுவிலக்குக்காரர் இல்லை. காய்ச்சி வடித்த சாராயத்தைக் கடுமையாக எதிர்த்தார், ஏல் என்ற பீர் வகையைக் குடிப்பதை எதிர்க்கவில்லை. முழு விலக்கு அவர் காலத்துக்குப் பிறகு வந்தது.

என் கருத்து கேட்டால், எனக்கு வருத்தம் தருவது பீர் இல்லை, டிக்கெட்தான். இங்கே முன்பு இருக்கை இலவசம். சம்பளம் குறைந்தவனை உள்ளே இழுக்கவே இதைக் கட்டினார்கள். இன்று ஒரு நல்ல கச்சேரியின் டிக்கெட் விலை அவனை வாசலிலேயே நிறுத்திவிடும். இதற்குக் கட்டடக் கலையில் தீர்வு கிடையாது.

இதேபோல வேறு எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவில் பஃபலோ நகரின் டெலவேர் அவென்யூவில் 1870-களில் கட்டிய ஒரு மெதடிஸ்ட் கோயில் இருக்கிறது, அந்தப் பகுதியில் கிடைக்கும் மெடினா மணற்கல்லில் எழுப்பிய கோதிக் கட்டடம். 1990-களில் கோபுரத்துக் கற்கள் விழுந்து, இடித்துவிடலாம் என்று நகரம் தீர்மானிக்கும் நிலை. உள்ளூர்ப் பாடகி ஆனி டிஃப்ராங்கோ தலையிட்டுக் காப்பாற்றித் தம் இசை நிறுவனத்தின் தலைமையிடமாக்கினார். 2006-ல் திறந்தது. கச்சேரி மண்டபமும் ஹால்வால்ஸ் என்ற கலை மையமும் உள்ளே இருக்கின்றன. பூமிக்கடியில் துளையிட்டு நிலத்தின் வெப்பத்தைப் பயன்படுத்திக் கட்டடத்தைச் சூடாக்குகிறார்கள்.

வேல்ஸில் மகின்லெத் என்ற சின்ன ஊரில் 1880-ஐச் சேர்ந்த வெஸ்லியன் சேப்பல் 1986-ல் இசை அரங்கமானது. பக்கத்திலேயே ஓவியக் காட்சியகம் வளர்ந்தது. ஆல்பர்ட் ஹாலுக்கு நேர் எதிர்: சிறியது, அமைதியானது, ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு ஏற்றது. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் சில நாட்களில் நான் இதைத்தான் சொல்வேன்.

நாட்டிங்ஹாம் ஆல்பர்ட் ஹால் 1909-ல் கட்டியது. அதன் பெரிய ஆர்கன், மருந்துக்கடை முதலாளி ஜெஸ்ஸி பூட் கொடுத்த அன்பளிப்பு. பர்மிங்ஹாம் சென்ட்ரல் ஹால் சிவப்புச் சுடுமண்ணில் எழுந்த மாளிகை, பல வருஷம் நடனக் கிளப்பாக ஓடியது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1870-ன் டிரினிட்டி மெதடிஸ்ட் கோயில் 1978-ல் ஃபார்ச்சூன் தியேட்டர் ஆனது. ஆனால் அந்த நாடகக் கம்பெனி 2018-ல் மூடப்பட்டது. கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டால் கலையும் பிழைத்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

நம் பக்கத்து மெதடிஸ்ட் கோயில்களும் இதே அமைப்பா?

உறவு உண்டு. வெஸ்லியன் மிஷனரிகள் 1814-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலை தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்துதான் ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார், ராயப்பேட்டையின் வெஸ்லி ஆலயத்துக்கு வேர் அங்கே. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த வெஸ்லியன் சபைகள் அதில் கலந்தன. இலங்கையில் மெதடிஸ்த திருச்சபை தனியாகவே தொடர்கிறது. ஆனால் சென்ட்ரல் ஹால் என்ற வகை பிரிட்டிஷ் தொழில் நகரத்துக்கு உரியது. நம் பக்கம் அந்தத் தேவை எழவில்லை, கோயில்களும் காலியாகவில்லை. அதனால் ஒப்பிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

போய்ப் பார்க்க நல்ல நேரம் எது?

ஜூன், ஜூலை. அப்போது மான்செஸ்டரில் சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும். கச்சேரி ஆரம்பித்து ஒரு மணி நேரம்வரை வெளிவெளிச்சம் வண்ணக்கண்ணாடி வழியே வந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் போனால் ஜன்னல்கள் கறுப்பாகவே இருக்கும். டிராமில் வந்தால் செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கொயரில் இறங்குங்கள். கதவு திறந்ததும் எல்லோரும் மேடைக்கு முன்னால் ஓடுவார்கள். நீங்கள் மாடிக்குப் போய், மேடைக்கு நேர் எதிரே லாடத்தின் வளைவில் இடம் பிடியுங்கள். பிரசங்கியின் கண் முதலில் தேடியிருக்கக்கூடிய இடம் அது. இருக்கை கொஞ்சம் கடினம், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.